கூடையில் இன்னும் ஓர் இடம்

ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேரும்வரை பேனாட் டக்ஸிக்காரனோடு ஒரு சொல்லுக்கும் சண்டைக்குப் போகவில்லை. செலீனின் மனதில் முதலில் இடறியது அதுதான்.

இதெல்லாம் ஒரு பிசகா என்று நீங்கள் கேட்பீர்கள். பேனாட்டைத் தெரிந்தவர்கள் கேட்கமாட்டார்கள். பிறம்ரனிலிருந்து முப்பது வருஷம் ட்ரக் ஓடியவர். இந்த ரொறன்ரோ நகரத்து றோட்டெல்லாம் தனக்குச் சீதனமாக வந்தது என்பதுபோலத்தான் அவருடைய கதை இருக்கும். அவர் ஏறின வாகனத்தை வேறொருவர் ஓட்டினால், எது சிவப்பு லைற், எது பச்சை லைற் என்பதிலிருந்து பாடம் தொடங்கும். அன்றைக்கோ டிசம்பர் மாதத்துப் பின்னேரம். ஊரெல்லாம் வேலை விட்டு வருகிற நேரம். டக்ஸிக்காரன் நேரே கொண்டுபோய் நெரிசலுக்குள் விட்டான். முன்னால் சிவப்பு விளக்குகள் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை எரிந்துகொண்டு நின்றன. இப்ப வெடிப்பார், இப்ப வெடிப்பார் என்று செலீன் காத்திருந்தாள். அவர் நாடியை நெஞ்சில் ஊன்றி, தன் முழங்காலைப் பார்த்தபடி இருந்தார்.

"இஞ்சருங்கோ, உவன் பிழையான றோட்டால எல்லே போறான்?" என்று அவளே எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள்.

"ஓம்," என்றார் பேனாட்.

கலியாணத்தன்று கோயிலில், பீடத்துக்கு முன்னால், சுவாமியார் "சம்மதமோ?" என்று கேட்டபோது, "அதுக்குத்தானே சுவாமி வந்து நிக்கிறன்" என்று சொன்ன மனுஷன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் வாயிலிருந்து நேரான ஒரு 'ஓம்' விழுந்து அவள் கேட்டதில்லை. பிளேனில் நித்திரை முறிந்த களைப்பாக்கும் என்று எண்ணிக்கொண்டாள். கண்ணாடியோரம் தலையைச் சாய்த்தாள். கைப்பையிலிருந்து அவித்த மீன் மணம் மெல்ல எழும்பி வந்தது.

அந்த மீனில்தான் பிளேனில் சண்டை தொடங்கியது.

பேனாட் வேலையிலிருந்து ஓய்வெடுத்ததற்கு மகள் மெலிசா எடுத்துக் கொடுத்த பயணம் அது. பாங்கொக்குக்குத் தென்மேற்கே, மெக்லோங் ஆறு கடலில் விழுகிற இடத்தில் சமுத் சொங்க்ராம் என்று ஒரு பழைய மாகாணம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, வாய்க்கால் ஓரமெல்லாம் ஜம்போலாப் பழத் தோட்டம், வள்ளத்தில் வந்து இறங்குகிற இறால், நண்டு, மீன். ஆற்றங்கரையில் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மாதா கோயில் ஒன்று இருக்கிறது. செலீன் அதற்காகப் போனாள். சந்தைக்கு நடுவால் ரயில் ஓடுவதை வீடியோவில் பார்த்திருந்த பேனாட் அதற்காகப் போனார்.

அங்கே போயும் அவர் அவர்தான். ரயில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் கடைகளின் படங்குக் கூரை தாழ்வாக நீட்டிக்கொண்டு நின்றது. எல்லாரும் குனிந்து போனார்கள். பேனாட்டின் நெற்றி மூன்று தரம் கம்பியில் இடிபட்டது.

"ஒருக்கால் குனிஞ்சு வந்தா என்ன? தலை கழண்டு விழுந்திடுமோ?" என்றாள் செலீன்.

"நான் ஏன் குனியவேணும்? கம்பியை உயத்திக் கட்டச் சொல்லும்."

வெயில் உச்சிக்கு ஏறின நேரம், அவர்களைக் காரில் கூட்டிக்கொண்டு திரிந்த பெண், ஆற்றோரம் ஒரு மீன் அவிக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவர்களுடைய பேர்போன மீன் அங்கேதான் இருந்தது. எங்கள் கும்பளாவுக்குத் தங்கச்சி மாதிரி, உருண்டையான சின்ன மீன். பலகையில் குந்தியிருந்த ஒரு நடுவயதுப் பெண், ஒவ்வொரு மீனாக எடுத்து, தலைக்குப் பின்னால் பெருவிரலை வைத்து இடம் பார்த்தாள். ஒரு அழுத்து. டிக். தலை மடிந்து வயிற்றைப் பார்த்தது. மடித்த மீனை மூங்கில் பின்னிய வட்டக் கூடைக்குள் படுக்க வைத்தாள். கூடையோடு உப்புத் தண்ணீர் அண்டாவுக்குள் இறக்கினாள். மீன் நீளம், கூடை சின்னது, அதனால் கழுத்தை மடிப்போம் என்று கார்க்காரப் பெண் இங்கிலீஷில் விளக்கினாள். தலை குனிந்து கழுத்து ஒடிந்த மீன்தான் இங்கே நல்ல மீனாம்.

"கூடையைப் பெரிசாப் பின்னினா முடிஞ்சுது விஷயம்," என்று பேனாட் அந்த மீன்காரிக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினார். கையை விரித்து அளவு காட்டினார்.

வெக்கை. வியர்வை. காலையிலிருந்து கேட்ட வகுப்பு. செலீனுக்கு அலுத்துப்போனது. தமிழில்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்:

"அக்கா, உவருக்கும் ஒருக்கா உப்பிடி மடக்கிவிடுங்கோ. சாகிறதுக்கிடையில எனக்கு ஓமெண்டு சொல்லட்டும்."

மீன்காரிக்கு என்ன விளங்கியிருக்கும்? அவளும் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அண்டாவின் ஆவி மட்டும், காற்றில்லாத அந்த உச்சிப்பொழுதில், பேனாட் நின்ற பக்கமாகச் சாய்ந்தது.

இரண்டு பெரிய மீன் படுத்த ஒரு கூடையை வாங்கினார்கள். மகள் வீட்டில் நாலு வயதுப் பேத்தி நடாஷா இருக்கிறாள் என்று செலீன் கையால் உயரம் காட்டியதும், மீன்காரி ஒரு குஞ்சு மீனை எடுத்து, அதற்கும் கழுத்தை மடித்து, அவித்து, இரண்டுக்கும் நடுவில் இலவசமாகச் செருகி விட்டாள். அவ்வளவு நல்ல மனுஷி.

பிள்ளைகளே, இதை அறியாத உங்களுக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் பக்கத்தில் உச்சிப்பொழுதிலோ மைம்மல் இருட்டிலோ மீனும் இறைச்சியும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போனால், பொதியோடு ஒரு கரித்துண்டும் ஒரு இரும்பாணியும் போகவேணும். இல்லாவிட்டால் மணத்துக்குப் பின்னால் எது வரும் என்று சொல்லமுடியாது. வேதக்காரர், சைவக்காரர் என்று இதில் பேதமில்லை. பேசாலையில் பிறந்த செலீன் ரொறன்ரோவிலிருந்து தன் மகளுக்குக் கறி அனுப்பினாலும் அந்தப் பிளாஸ்ரிக் பெட்டிக்கு மேல் ஒரு ஆணி இருக்கும். மீன்காரியிடமும் கைச்சைகையில் கேட்டாள். மீன்காரி ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பிலிருந்து கரியும், பலகையிலிருந்து துருப்பிடித்த ஆணியும் எடுத்துத் தந்தாள்.

பசிபிக் கடலுக்கு மேல் பறக்கும்போதுதான் பேனாட் சிரித்துக்கொண்டு சொன்னார், ஹோட்டலில் பெட்டி அடுக்கும்போது இரண்டையும் குப்பைக்குள் எறிந்துவிட்டதாக.

"கரியும் ஆணியும் கண்டா கஸ்டம்ஸ்காரன் எங்களைப் பற்றி என்ன நினைப்பான்? செத்த மீன். அவிச்ச மீன். காத்துப் போகாமப் பைக்குள்ள ஒட்டின மீன். இதுக்குப் பின்னால எந்தப் பேயப்பா ரிக்கட் எடுத்துக்கொண்டு வரப்போகுது?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி. எறியமுதல் என்னை ஒருக்காக் கேட்டனீங்களோ?"

"உமக்கு ஒண்டும் தெரியாது. பேசாமப் படும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் நாடி நெஞ்சில் விழ உறங்கிப்போனார். பிளேனில் எல்லாரும் அப்படித்தானே உறங்குவார்கள்.

'உமக்கு ஒண்டும் தெரியாது.' அதுதான் அவர் கடைசியாக அவளை எதிர்த்துச் சொன்னது.

ஸ்காபரோ வீட்டுக் கதவைத் திறந்ததும் பூட்டிக்கிடந்த வீட்டுக் குளிர் முகத்தில் அடித்தது. அதற்குப் பின்னால், யாரோ அப்போதுதான் அடுப்பை அணைத்துவிட்டு எழும்பிப் போனதுபோல், உப்புத் தண்ணீர் கொதித்த மணம். மீன் இருந்த பை இன்னும் வாசலில் நின்ற டக்ஸிக்குள் இருந்தது. செலீன் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது.

அன்றிரவு பேனாட் ஒரு மீனைச் சோறும் இல்லாமல், சம்பலும் இல்லாமல், குனிந்தபடியே உடைத்துத் தின்றார். முள்ளு ஒன்றும் மிச்சமில்லை. ஹீற்றர் சூடேறுகிறபோது சுவருக்குள் குழாய்கள் டிக், டிக் என்று நெளிந்தன. எல்லா மாரியிலும் கேட்கிற சத்தம்தான்.

அடுத்த நாள் காலையில், சொன்னால் நம்புவீர்களோ, செலீனுக்கு ஒரு சந்தோஷம். இரண்டு வருஷமாக ஆடிக்கொண்டு கிடந்த குசினிச் சுவர்த் தட்டைப் பூட்டித் தருவீங்களோ என்றாள். ஓம் என்றார், பூட்டினார். அந்தப் பழைய சோபாவை எறிவமோ என்றாள். ஓம் என்றார். பூசைக்கு வருவீங்களோ என்றாள். ஓம். தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு தனக்குள் பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

பாட்டு நின்றது, தட்டைப் பார்த்தபோது. எல்லா ஆணியும் முழங்கால் உயரத்தில் அடித்திருந்தது. அவருக்கு அதற்கு மேலே தெரியவில்லை.

"தலையை நிமித்துங்கோ பாப்பம்."

"ஓம்," என்றார். நிமிரவில்லை.

அவள் இரண்டு கையாலும் அவருடைய நாடியைப் பிடித்துத் தூக்கினாள். தூக்க முடியவில்லை. நோகிற ஆளைத் தூக்கினால் முகம் சுருங்கும். அவர் முகம் சுருங்கவில்லை. தோல் ஈரமாக, உப்புப் பிசுபிசுப்போடு இருந்தது.

வோக்-இன் கிளினிக்கில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்தார்கள். இளம் டொக்டர் கொம்பியூட்டரைப் பார்த்தபடி கேட்டார், கழுத்தில் நோவு இருக்கிறதா என்று. "ஓம்." நோவு இல்லையா? "ஓம்." அது எங்கள் பாஷையில் சம்மதம் சொல்கிற சொல் என்று செலீன் விளக்க, நல்லது, மனநிலை நன்றாக இருக்கிறது என்று டொக்டர் தட்டெழுதினார். பிளேனில் கோணிப் படுத்ததால் தசைப்பிடிப்பாம். பூச ஒரு கிறீம் தந்தார்.

"டொக்டர், இவர் முப்பது வருஷம் ஒருத்தருக்கும் தலை குனியாத மனுஷன்," என்றாள் செலீன்.

"இப்போது ஓய்வெடுக்கட்டும்," என்றார் டொக்டர் சிரித்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக மிச்ச இரண்டு மீனையும் கூடையோடு தூக்கி வெளியில் பச்சைக் குப்பை பின்னுக்குள் போட்டுப் பூட்டினாள்.

காலையில் பின்னைத் திறந்து குப்பையெல்லாம் பனியில் இழுத்துப் போட்டிருந்தது. இரவில் குப்பை கிளறுகிற ரக்கூனின் வேலை. வாழைப்பழத் தோல், முட்டைக் கோது, தேயிலைச் சக்கை எல்லாம் இருந்தன. கூடையையும் மீனையும் காணவில்லை. ரக்கூன் இருந்தது. படிக்கட்டடியில், வட்டமாகச் சுருண்டு, உறங்குகிற பூனைபோல். செலீன் தும்புத்தடியால் மெல்லத் தட்டினாள். விறைத்துப்போயிருந்தது. காயமில்லை. இரத்தமில்லை. தலை மட்டும் கீழ்நோக்கி மடிந்து, மூக்கு வயிற்றுக்குள் அழகாகச் செருகப்பட்டிருந்தது. படிக்கு அளவாக.

சிற்றிக்கு ஃபோன் எடுத்தாள். பாட்டுப் போட்டார்கள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றார்கள். திரும்பவும் பாட்டு. கடைசியில் ஒரு பெண் வந்து, மிருகம் வருத்தமா, காயமா, செத்ததா என்று கேட்டாள்.

"மடிச்சு வைச்சிருக்கு," என்றாள் செலீன் இங்கிலீஷில்.

அந்தப் பெண் கேள்வியைத் திரும்பவும் வாசித்தாள். பிறகு, செத்தது என்று பதிவதாகச் சொன்னாள்.

ஒஷாவாவில் இருந்த மெலிசாவுக்கு எடுத்தாள். "பிள்ளை, ஒருக்கா வந்து அப்பாவைப் பாருமன். அவர் எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்றார்."

மெலிசா சிரித்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? என்ர லைஃப் முழுக்க நீங்கள் இதுக்குத்தானே கொம்ப்ளெயின் பண்ணினனீங்கள். அப்பா சில் ஆகிட்டார். என்ஜோய் பண்ணுங்கோ."

"மெலிசா, நான் சொல்றதைக் கேள்..."

"ஸ்னோ கொட்டுது அம்மா. றோட்டுச் சரி வரட்டும், வாறன்."

ஃபோனை வைத்தபோது செலீனுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. டொக்டர் கேட்கவில்லை. சிற்றி கேட்கவில்லை. பெற்ற பிள்ளை கேட்கவில்லை. அப்போதுதான் அந்தப் பலகையும், பெருவிரலும், வெயிலும், தான் சொன்ன பகிடியும் நெஞ்சில் வந்து நின்றன. *சாகிறதுக்கிடையில எனக்கு ஓமெண்டு சொல்லட்டும்.* வேறு யாருக்கும் விளங்காத பாஷையில் சொன்னது. விளங்கின ஏதோ ஒன்று அங்கே நின்றிருக்கிறது.

கராஜில் தேடி ஒரு புது ஆணி எடுத்தாள். பாபகியூ அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு. இரண்டையும் அன்றிரவு பேனாட்டின் தலையணைக்குக் கீழே வைத்து, செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் விழித்துக் கிடந்தாள். விழித்துக் கிடப்பதாகத்தான் நினைத்தாள்.

காலையில் கரி ஈரமாகிக் கரைந்திருந்தது. ஆணி அதே இடத்தில் இருந்தது. விரல் நீள இரும்பாணி. அதன் தலைக்குக் கொஞ்சம் கீழே, அந்தப் பதமான இடத்தில், மடித்து விட்டிருந்தது.

அன்று பனி நின்றது. நாலரைக்கெல்லாம் வெளிச்சம் போய்விட்டது. வீட்டில் இருந்த லைற் எல்லாவற்றையும் செலீன் போட்டாள். மணம் இப்போது மணமாக இல்லை, ஆவியாகவே இருந்தது. ஜன்னல் கண்ணாடியெல்லாம் வியர்த்து வடிந்தது. கையால் துடைத்து நாக்கில் வைத்தாள். உப்பு.

சுவருக்குள் டிக்.

அந்தோனியாரின் மாடத்தில் மெழுகுதிரி ஏற்றப் போனாள். அந்தோனியார் குனிந்து நின்றார். கையிலிருந்த பாலனும் குனிந்திருந்தார். சுண்ணாம்புச் சிலை. ஒரு வெடிப்பில்லை. ஒரு கீறலில்லை.

டிக்.

மேலே, படுக்கையறையில்.

"இஞ்சருங்கோ?"

"ஓம்."

படியேறினாள். கைப்பிடி ஈரம். ஒவ்வொரு படியிலும் ஈரம். கட்டிலில் பேனாட் பக்கவாட்டில் சுருண்டு கிடந்தார். முழங்கால் வயிற்றோடு. முகம் நெஞ்சுக்குள். மெத்தை விரிப்பு அவரைச் சுற்றி வட்டமாகத் திரைந்து, மேலும் கீழுமாகப் பின்னிப்போய், ஓரத்தில் கூடை விளிம்புபோல் எழும்பி நின்றது.

செலீன் முழங்காலில் விழுந்து அவருடைய தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் பகிடிக்குச் சொன்னது. கேட்டீங்களே? பகிடிக்கு. இல்லையெண்டு சொல்லுங்கோ. எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லுங்கோ. ஒருக்கா என்னோட சண்டை பிடியுங்கோ பேனாட்! வையுங்கோ என்னை!"

"ஓம், செலீன்."

அன்பாகச் சொன்னார். இத்தனை வருஷம் அவள் கேட்க ஏங்கின அதே குரலில். ஆனால் அவருடைய வாய் நெஞ்சோடு ஒட்டிக்கிடந்தது. அசையவில்லை. குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. மெலிசா. எடுக்கையில் ஈர விரல் எதையோ அழுத்த, அறை முழுக்க மகளின் குரல் கேட்டது.

"அம்மா, சொறி அம்மா. நேற்று நான் சிரிச்சிருக்கக் கூடாது. றோட்டெல்லாம் கிளியர் பண்ணிட்டாங்கள். நாளைக்கு வாறன்."

மாதாவே, என்று செலீனின் நெஞ்சு ஆறியது. ஒருத்தி கேட்டுவிட்டாள். கடைசியில் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

அப்போதுதான் மெத்தையைப் பார்த்தாள். பேனாட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம். யாரும் படுக்காத பள்ளம். அவளுடைய உயரம், அவளுடைய இடுப்பு, மடித்த முழங்கால். அளவெடுத்ததுபோல்.

இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று.

சின்னது.

"நடாஷா அப்பப்பா அப்பப்பா எண்டு அழுகிறாள்," என்றாள் மெலிசா. பிறகு தானே சிரித்துத் திருத்தினாள்: "அம்மப்பா. இன்னும் பழகேல்லை அவளுக்கு. கூட்டிக்கொண்டு வரட்டோ?"

ஒரு பெருவிரல் அவளுடைய பின்கழுத்தில் வந்து பதிந்தது. குளிர். ஈரம். அவசரமில்லாத விரல். இடம் பார்க்கிற விரல்.

வராதை. பிள்ளை, வராதை. குழந்தையைக் கொண்டுவராதை. சொல் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தாள்.

டிக்.

கம்பளம். தன் கால்விரல்கள். அவற்றைச் சுற்றி உப்புப் பூத்த ஈரம். அதற்கு மேலே ஒன்றும் தெரியவில்லை.

"அம்மா? நிக்கிறீங்களோ? நடாஷாவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"ஓம்," என்றது செலீனின் வாய்.

கால்கள் தாமாகக் கட்டிலுக்கு ஏறின. பள்ளம் அவளுக்குச் சரியாக இருந்தது. குனிந்த கண்ணுக்கு முன்னால், ஒரு சாண் தூரத்தில், அந்தச் சின்னப் பள்ளம் மட்டும் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை அதன் சுருக்கங்களை மெல்ல, மெல்லத் தடவி, நாலு வயதுப் பிள்ளைக்கு அளவாக மெதுமையாக்கிக்கொண்டிருந்தது.